டச் பார்க்காமல் வெள்ளி வாங்குவோமா?

அப்பாவுக்கு சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை. 40 வருடத் தொழில். வெள்ளிக் கட்டி கைக்கு வந்தால் டச், அதாவது எவ்வளவு சுத்தம் என்று, பார்க்காமல் உருக்க மாட்டார், சொந்த மச்சான் கொடுத்தாலும் சரி. அப்படிப்பட்ட மனிதர், கண்புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றதும் சொன்ன வார்த்தை: "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போய் முடிச்சு விடுப்பா." வெள்ளிக்கு இருக்கிற மரியாதை கண்ணுக்கு இல்லை.

நானும் முதலில் அப்படித்தான் போனேன். சேலத்திலேயே, பளபளவென்று ஒரு மருத்துவமனை. பவர் பார்த்தார்கள், சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒரு டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்தார். அப்புறம் ஒரு கண்ணாடி அறைக்குள் அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் லேமினேட் செய்த அட்டையை நீட்டினார். மூன்று பேக்கேஜ், மூன்று லென்ஸ், மூன்று விலை. எந்த நாட்டு லென்ஸ், எத்தனை வருட கேரண்டி என்று அருமையாக விளக்கினார். ஆபரேஷன் யார் செய்வார்கள் என்று கேட்டேன். "எங்க டீம் பண்ணுவாங்க சார்." டீமில் யார்? "வெளியூர்ல இருந்து சனிக்கிழமை சர்ஜன் வருவாருங்க." சரி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கண் வலித்தால்? ரிசப்ஷன் நம்பரை எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஃபைலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்வி வீம்புக்குக் கேட்டதில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமித் தொற்று வருவது அபூர்வம். ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் சில நாட்களில் வரும். வலி, சிவப்பு, தெளிந்த பார்வை திரும்ப மங்குவது. அப்போது ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. வெளியூர் சர்ஜன் வருவதே தப்பு என்று சொல்லவில்லை. அவர் ஊர் திரும்பிய பிறகு யார் பொறுப்பு என்று ஒரு டாக்டரின் பெயர் வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, இந்த 'லேசர்' கதை. கத்தியே கிடையாது, எல்லாம் லேசர் என்று பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமாகச் செய்கிற ஆபரேஷனுக்குப் பேகோ என்று பெயர். அது லேசர் இல்லை, அல்ட்ராசவுண்ட் அதிர்வு. 1967-ல் சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்க டாக்டர் கொண்டு வந்தது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கீறி, ஊசி போன்ற கருவியை உள்ளே விட்டு, புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கிறார்கள். லேசர் மெஷின் தனியாக இருக்கிறது, சில கட்டங்களை அது செய்யும், மீதியை மனிதக் கைதான் செய்தாக வேண்டும். புரை கல்லாக இறுகியிருந்தால் கொஞ்சம் பெரிதாகக் கீறி முழுதாக எடுப்பதே நல்லது என்று ஒரு டாக்டர் சொன்னால், அவர் பழைய ஆள் என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

படிப்பு விஷயம் சுருக்கமாக. எம்.பி.பி.எஸ். முடித்து, கண் மருத்துவத்தில் எம்.எஸ்., எம்.டி., டி.என்.பி., டி.ஓ. என்று ஏதாவது ஒன்று முடித்திருக்க வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற ஆப்டோமெட்ரிஸ்டை நாம் 'கண் டாக்டர்' என்கிறோம். அவர் படிப்பு வேறு, ஆபரேஷன் அவர் வேலை இல்லை. மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது 2002-லேயே வந்த விதி. அந்த எண்ணை வைத்து மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் பட்டம் வாசல்படி மட்டும்தான். புரை இருக்கிற பையின் பின்பக்கம் மெல்லிய சவ்வு. நல்ல கைக்கும் சில சமயம் அது கிழியும். கிழிந்தால் என்ன செய்வீர்கள், விழித்திரை டாக்டர் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். "எனக்கு அப்படி ஆனதே இல்லை" என்கிறவரிடம் எனக்குப் பயம்.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் அம்மா முதலில் லென்ஸைப் பற்றியே பேசவில்லை. "ஐயா, என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை என்று நான் ஒப்பித்தேன். அவர் விடவில்லை. "ராத்திரி ஒண்ணுக்குப் போறதுக்கு ஏதாச்சும்?" அப்பா வெட்கப்பட்டுக்கொண்டே பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தார். டாம்சுலோசின். புரோஸ்டேட்டுக்குக் கொடுப்பது. ஆபரேஷன் நேரத்தில் கண்மணியைச் சுற்றியிருக்கிற கருவிழிப் படலத்தை (ஐரிஸ்) அது ஈரத்துணி மாதிரி துவள வைத்துவிடும், நிறுத்தினாலும் முழுசாகச் சரியாகாது, முன்கூட்டியே தெரிந்தால் அதற்கு வேண்டிய ஏற்பாட்டோடு செய்யலாம் என்று விளக்கினார். 2005-லேயே எழுதி வைத்த விஷயமாம். முதல் மருத்துவமனையின் படிவத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒன்றுக்குப் போகிற மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

அடுத்த கேள்வி: "என்ன வேலைங்க?" கொலுசு என்றதும், எப்படி உட்கார்ந்து வேலை செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். அப்பா நாற்காலியிலேயே குனிந்து, இடது கையில் இல்லாத கொலுசைப் பிடித்து, வலது கையால் பற்றவைக்கிற பொடி (உருகி ஓடினால்தான் ஒட்டும்) வைத்து ஊதிக் காட்டினார். அந்த அம்மா எழுந்து வந்து ஸ்கேலை வைத்து அளந்தார். 35 செ.மீ. அந்தத் தூரம் கண்ணாடி இல்லாமல் தெரிகிற மாதிரி சாதாரண லென்ஸே வைக்கலாம், தூரத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றார். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் சேர்த்துத் தெரிகிற, விலை கூடிய மல்டிஃபோகல் லென்ஸ் வேண்டாமா என்று நான்தான் கேட்டேன். சுகரால் விழித்திரையில் லேசான பாதிப்பு இருக்கிறது, அதற்கு ஒத்து வராது, ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் வேறு தெரியலாம் என்றார். விலை கம்மியானதை விற்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இலவச முகாம், அரசு ஆஸ்பத்திரி என்றால் மட்டம் என்பவர்களுக்கும் ஒன்று. மதுரையில் 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, பணம் கட்ட முடியாத லட்சக்கணக்கான பேருக்கு ஆபரேஷன் செய்திருக்கிறது. தினமும் செய்கிற கைக்குத் தனிப் பக்குவம் உண்டு, கொலுசுக்காரன் மகன் எனக்கு அது தெரியும். இலவசமோ காசோ, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யார் கை?

அப்பாவுக்கு வலது கண் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. சொட்டு மருந்து போன வாரம்தான் நின்றது. இடது கண் அடுத்த மாதம். தூரத்துக்குக் கொடுத்த கண்ணாடியைப் போடுவதே இல்லை, சேலம் ஐந்து ரோட்டில் பஸ் போர்டு தெரியாமல் நிற்கிறார். கேட்டால், "பஸ் எங்க போகுதுன்னு கண்டக்டர் சொல்லுவான். பொடி ஓடுச்சா இல்லியான்னு எவன் வந்து சொல்லுவான்?" என்கிறார்.