கிளாஸ் அளவைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் போடுங்கள்

ஐரோப்பாவில் பீருக்காகவே ஒரு சுற்று போகலாம் என்று கிளம்புகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது. பத்து நாள், ஏழு ஊர், ஊருக்கு ஆறு பார். எக்ஸெல் ஷீட்டில் பார்க்க அழகு. மூன்றாம் நாள் காலை ரயிலைக் கோட்டை விட்டதும் அந்த ஷீட்டுக்கு வேலை முடிந்தது. பார் எண்ணிக்கையை முதலில் போட்டுவிட்டு ஊரை அதில் திணிப்பதுதான் கோளாறு. அந்த ஊரில் எந்த அளவு கிளாஸில் ஊற்றுகிறார்கள் என்று முதலில் பாருங்கள், மற்றதெல்லாம் தானாக அமையும்.

ஜெர்மனியிலும் செக் நாட்டிலுமாக ஒன்பது இரவு வைத்துச் சொல்கிறேன். கொலோன் 2, பாம்பெர்க் 2, மியூனிக் 2, பிராக் 3. மேற்கிலிருந்து கிழக்கே ஒரே திசை, திரும்பி வர வேண்டாம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கினால் விமான நிலையத்திலேயே ரயில் நிலையம், ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் கொலோன் சுமார் ஒரு மணி நேரம். ஊருக்குத் திரும்பும் விமானம் பிராகிலிருந்து. ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். இங்கே ஜெர்மனி 6, செக் 3. நடுவில் மனசு மாறி பிராகை ஆறு ஆக்கினால் ஹோட்டல் பதிவுகளும் விண்ணப்பமும் முட்டிக்கொள்ளும்.

இப்போது கணக்கு. கொலோனில் கிளாஸ் 200 மில்லி. 4.8 சதவீத பீர் என்றால் அதில் சுத்த ஆல்கஹால் ஏழரை கிராம் அளவு. மியூனிக்கின் ‘மாஸ்’ ஒரு லிட்டர், 5.2 சதவீதம், சுமார் 41 கிராம். உடம்பு மணிக்குத் தோராயமாக 7 கிராம்தான் கழிக்கும். அதாவது ஒரு மாஸ் இறங்கக் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். நம்மூர்க் கணக்கில் சொன்னால் ஒரு மாஸ் என்பது முக்கால் குவாட்டருக்குக் கொஞ்சம் கீழே. ‘பீர்தானே’ என்று இரண்டு மாஸ் அடித்துவிட்டு மூன்றாவது இடத்துக்குக் கிளம்புகிறவர் அந்த மூன்றாவது இடத்தில் எதையும் ருசிக்கப்போவதில்லை. கொலோனில் ஒரு மாலையில் நாலு இடம் முடியும். மியூனிக்கில் ஒன்றுதான். இரண்டு என்றால் மத்தியானம் ஒன்று, இருட்டிய பிறகு ஒன்று.

கொலோனில் கிடைப்பது கோல்ஷ். வெளிர் மஞ்சள், லேசானது. 1986 ஒப்பந்தப்படி கொலோனிலும் அதை ஒட்டியும் காய்ச்சினால்தான் அந்தப் பெயரை வைக்க முடியும். உயரமான ஒல்லி கிளாஸ், பெயர் ஸ்டாங்கெ. கோல்ஷின் நுரை சீக்கிரம் அடங்கிவிடும், அதனால்தான் சின்ன கிளாஸ், அடிக்கடி புதுசு. சர்வருக்கு இங்கே கோபெஸ் என்று பெயர். நடுவில் பிடி வைத்த வட்டத் தட்டில் கிளாஸ்களைக் குழி குழியாகச் செருகிக்கொண்டு சுற்றிவருவார். உங்கள் கிளாஸ் காலியானதும் கேட்காமலே அடுத்ததை வைப்பார், கிளாஸுக்கு அடியில் வைக்கும் பீர் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார், போய்விடுவார். போதும் என்றால் அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடி போல வையுங்கள். கையை ஆட்டுவது, தலையை அசைப்பது எல்லாம் எடுபடாது. அந்த அட்டைதான் பில், ஆகவே கிழிக்காதீர்கள், நனைக்காதீர்கள். தண்ணீர் கேட்டால் ஒரு கிண்டல் இலவசம், தண்ணீர் காசுக்கு. மெனுவில் ‘ஹால்வெ ஹான்’ என்று இருப்பதைப் பாதிக் கோழி என்று நினைத்து ஆர்டர் செய்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். வருவது ரை என்ற தானிய மாவில் செய்த பன்னும் தடியான சீஸ் துண்டும். சைவக்காரர்களுக்கு அது நல்ல செய்தி.

கொலோனில் குடிக்கப் போக பெஃப்கன், மால்ட்ஸ்மூலே என்ற இரண்டு இடமும் போதும். பேராலயத்துக்குப் பக்கத்து ஃப்ரூ பெரிசு, கூட்டம், ஆனால் மோசமில்லை. அரை மணி நேர ரயிலில் டூசல்டார்ஃப். அங்கே செம்பு நிற ஆல்ட் பீர், குடிக்கும் இடம் யூரிகே அல்லது ஷூமாக்கர். ஒரு மத்தியானம் போய்விட்டு வரலாம். கொலோனில் உட்கார்ந்து ஆல்ட் கேட்காதீர்கள். மதுரையில் உட்கார்ந்து திருநெல்வேலி அல்வாதான் உசத்தி என்பது போல. நவம்பர் 11-ம் கார்னிவல் வாரமும் கொலோனுக்குத் தவிர்க்க வேண்டிய நாட்கள், உள்ளே நுழையவே முடியாது.

கொலோன் முதல் பாம்பெர்க் வரை நாலு மணி நேரம் பிடிக்கும், வழியில் மாற வேண்டும். மலிவு டிக்கெட்டை அந்தக் குறிப்பிட்ட ரயிலில்தான் பயன்படுத்த முடியும். காலை 7 மணி ரயில் பத்து யூரோ குறைவு என்று மயங்காதீர்கள், 11 மணிக்கு மேல் போடுங்கள். ரயில்காரர்கள் பக்கமே தாமதம் வந்து, போய்ச்சேர 20 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தும் என்றால் அந்தக் கட்டு தளர்ந்துவிடும், வேறு ரயில் ஏறலாம்.

பாம்பெர்க்குக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். பலர் மியூனிக் போகிற வழியில் இரண்டு மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டு ‘நல்லா இல்லை’ என்று எழுதுகிறார்கள். அவசரத்தில் புரிகிற பீர் அல்ல அது. மால்ட்டை, அதாவது முளைகட்டிய தானியத்தை, பீச் (beech) மரக்கட்டை நெருப்பில் உலர்த்துகிறார்கள், புகை தானியத்திலேயே ஏறிவிடுகிறது. ஷ்லெங்கர்லா என்ற மதுக்கடையில் முதல் மிடறு, கருவாடு சுடுகிற அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குடிக்கிற மாதிரி இருக்கும். அரை கிளாஸ் தாண்டியதும் மூக்கு புகைக்குப் பழகிவிடும், அப்போதுதான் உள்ளே இருக்கிற மால்ட்டின் இனிப்பு தெரியும். அதனால் முதலில் ஷ்பெட்சியால் என்ற இன்னொரு கடைக்குப் போங்கள், அங்கே புகை மட்டு. மறுநாள் ஷ்லெங்கர்லா. வரிசை மாறினால் ஷ்பெட்சியால் சப்பென்றிருக்கும். புகை மால்ட்டே போடாத வெளிர் பீர் ஒன்றும் ஷ்லெங்கர்லாவில் உண்டு, ஆனால் ஈஸ்ட் புகை பீரிலிருந்து எடுத்தது என்பதால் அதிலும் லேசாக வாடை அடிக்கும்.

மலைச்சரிவில் இருப்பவை ‘கெல்லர்’. பாறையைக் குடைந்த நிலவறைக்கு மேலே மரநிழல், பெஞ்சு, பீர். மழை வந்தால் மூடிவிடுவார்கள். இரண்டு இரவு வைக்கச் சொல்வதற்கு அது ஒரு காரணம், வாராந்திர விடுமுறை இன்னொரு காரணம். ஜெர்மனியில் குடும்பக் கடைகள் வாரத்தில் ஒரு நாளாவது மூடும், பல ஊரில் அது திங்கள். ரொக்கமும் வேண்டும், கார்டை நீட்டினால் தலையை ஆட்டுகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன.

மியூனிக்கில் ஹோஃப்பிரொய்ஹவுஸை ஒரு முறை எட்டிப் பாருங்கள், 1589-ல் தொடங்கியது, கூரையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். உட்கார வேண்டிய இடம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து அவுகுஸ்டினர் கெல்லர். மரப் பீப்பாயிலிருந்து ஊற்றுகிறார்கள், புதுப் பீப்பாய் உடைத்தால் மணி அடிக்கும். மேசைவிரிப்பு போட்ட இடத்தில் சர்வர் வருவார், அங்கே அவர்கள் சாப்பாடுதான். வெற்று மர மேசையில் நீங்களே போய் பீர் வாங்கி வர வேண்டும், வீட்டுச் சாப்பாட்டைப் பிரித்துச் சாப்பிடலாம். மியூனிக் இருக்கிற பவேரியா மாநிலத்தின் 1999 பியர்கார்டன் (திறந்தவெளி பீர்க்கடை) விதியிலேயே இது இருக்கிறது. புளிசாதக் கட்டுக்கு உலகத்தில் இவ்வளவு மரியாதை வேறெங்கே? ‘ஸ்டாம்டிஷ்’ என்று பலகை வைத்த மேசையில் மட்டும் உட்காராதீர்கள், வாடிக்கைக்காரர்களுக்கானது. கிளாஸுக்கு முன்பணம் வாங்கினால் அதற்குத் தரும் வில்லையைத் தொலைக்காதீர்கள். லிட்டர் அதிகம் என்று தோன்றினால் பாதி எலுமிச்சை சோடா கலந்த ராட்லர் கேளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். அக்டோபர்ஃபெஸ்ட் வாரங்களில் போகவே வேண்டாம் என்பேன். பீர் 6 சதவீதத்தை ஒட்டி இருக்கும், அறை வாடகையோ தலையில் கை வைக்கும் அளவு.

மியூனிக்கிலிருந்து பிராகுக்கு நேர் ரயில், வழியில்தான் பில்சன். பெட்டியோடு இறங்க வேண்டாம். பிராகில் தங்கி ஒரு பகல் போய் வாருங்கள், ஒன்றரை மணி நேரப் பயணம். 1842-ல் யோசஃப் கிரோல் முதல் வெளிர் லாகர் காய்ச்சிய ஊர் அது. பீர் ஆலையைச் சுற்றிக் காட்டுவது நிலவறையில் முடியும், அங்கே ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பீர் தருவார்கள். ஆங்கிலச் சுற்றுக்கு முன்பதிவு செய்யுங்கள், கீழே குளிரும், ஜாக்கெட் வேண்டும்.

பிராகில் பலகையில் 10, 12 டிகிரி என்று இருப்பது ஆல்கஹால் அளவு அல்ல, நொதிக்கும் முன் இருந்த சர்க்கரைச் செறிவு. 12 டிகிரி என்றால் நாலரை, ஐந்து சதவீதம்தான். நுரையைத் தள்ளிவிட்டுக் குடிக்கிற பழக்கத்தை எல்லையிலேயே விட்டுவிடுங்கள். ஹ்லாடிங்கா என்றால் மேலே மூன்று விரல் ஈர நுரை, ஷ்னிட் என்றால் பாதிக்கு மேல் நுரை, ம்லீகோ என்றால் கிட்டத்தட்ட முழுக்க நுரை, பால் போல இனிக்கும், ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்.

உ ஸ்லதேஹோ திக்ரா என்ற மதுக்கடை மாலை 3 மணிக்குத் திறக்கும், இரண்டரைக்கே வாசலில் நில்லுங்கள். 1499-லிருந்து நடக்கிற உ ஃப்லெக்கூவில் கறுப்பு பீர் ஒன்றுதான். தட்டில் குட்டி கிளாஸ்களோடு வந்து ‘வரவேற்பு’ போல ஒன்றை நீட்டுவார்கள், அது பில்லில் ஏறும், ‘நெ’ என்று சொல்லிவிடுங்கள். பணம் யூரோ அல்ல, கொருனா. ஏடிஎம் ‘உங்கள் நாட்டு நாணயத்தில் மாற்றவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். கார் எடுக்கும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள், செக்கில் ஓட்டுநருக்கு அனுமதித்த ஆல்கஹால் அளவு சுழியம்.

ஊருக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால் சுங்கத்தில் வரி இல்லாத அளவு ஆளுக்கு 2 லிட்டர், பீரும் அதில் சேர்ந்ததுதான். நாலு அரை லிட்டர் பாட்டில். நாலையும் பாம்பெர்க்கிலேயே வாங்கி, அழுக்குத் துணியில் சுற்றி, செக்-இன் பெட்டியின் நடுவில் வையுங்கள்.