என் பேரில் ஒரு சம்பளமாம்

போன ஞாயிறு சிங்கப்பூர் தேக்காவில் பசியாறப் போயிருந்தோம். வீட்டுக்காரரின் நண்பர் ஒருவர் தே தாரேயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, கம்பெனிச் சம்பளத்தை முழுசா நீங்களே எடுக்கிறீங்க. பாதியை அண்ணி பேர்ல போடுங்க, வரி பாதியாக் குறைஞ்சிடும்." அண்ணி நான்தான். பக்கத்தில்தான் தோசை தின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்களுடையது ஏர்கான் சர்வீஸ் செய்யும் சின்ன பிரைவேட் லிமிடெட். வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் மாதம் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆண்டுக்கு 120,000 எடுத்தால், வரிக் கழிவு எதையும் சேர்க்காமல் வரி 7,950. இங்கே கணவன் மனைவிக்குத் தனித்தனி வரிக்கணக்குதான். ஆளுக்கு 60,000 என்று பிரித்தால் தலைக்கு 1,950, இரண்டும் சேர்த்து 3,900. மிச்சம் 4,050 வெள்ளி. நண்பர் சொன்னது தப்பில்லை.

ஆனால் சிபிஎஃப்பை, அதாவது ஊழியரும் கம்பெனியும் மாதாமாதம் கட்டும் மத்திய சேமநிதியை, அவர் மறந்துவிட்டார். 2026 ஜனவரி முதல் அதற்கான மாதச் சம்பள உச்சவரம்பு 8,000. அதற்கு மேல் எவ்வளவு எடுத்தாலும், அவருக்காகக் கம்பெனி கட்டும் 17 விழுக்காடு 1,360தான். இரண்டு பேருக்கு 5,000 என்றால் தலைக்கு 850, மொத்தம் 1,700. ஆண்டுக்குக் கூடுதலாக 4,080. மிச்சம் பிடித்ததைவிட 30 வெள்ளி அதிகம்! கம்பெனி அதைச் செலவாகக் காட்டலாம் என்பது வேறு விஷயம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

லண்டனில் இருக்கும் சித்தப்பா மகனோ, "அக்கா பேர்ல பங்கு எழுதி டிவிடெண்டாக் கொடுங்க" என்கிறான். அங்கே டிவிடெண்டுக்குத் தனிநபர் வரி உண்டு, பிரித்தால் லாபம். இங்கே கம்பெனி லாபத்துக்கு 17 விழுக்காடு கம்பெனியே கட்டிவிடும், பங்குதாரர் கைக்கு வரும் டிவிடெண்டுக்கு வரியே கிடையாது. வரியே இல்லாததைப் பிரித்து என்ன ஆகப்போகிறது? யூடியூபில் வெளியூர் அறிவுரை கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

சும்மா இருக்கும் மனைவி பேரில் சம்பளம் எழுதினால் வரி வசூலிக்கும் அரசு அமைப்பான ஐராஸ் அதைச் செலவாக ஏற்காது. வரி தப்பிக்கும் ஏற்பாடு என்று முடிவுகட்டினால், போடும் வரிக்கு மேல் 50 விழுக்காடு கூடுதல் கட்டணமும் உண்டு. வேலை செய்யாதவருக்கு சிபிஎஃப் கட்டி, அவரை உள்ளூர் ஊழியராகக் கணக்குக் காட்டி வெளிநாட்டு ஊழியர்களை எடுத்தால் மனிதவள அமைச்சு வரும். அது குற்ற வழக்கு.

சரி, நான் சும்மாவா இருக்கிறேன்? ஏழு வருடமாக வாடிக்கையாளர் போன் எடுப்பது நான். எந்தப் பையன் எந்த புளோக்குக்குப் போக வேண்டும் என்று பிரிப்பது நான். இரவு பதினொரு மணிக்கு இன்வாய்ஸ் அடிப்பது, காசு தராதவர்களைத் துரத்துவது எல்லாம் நான். கேட்டால் "வீட்ல ஒத்தாசை பண்றாங்க" என்பார்கள். சிராங்கூன் ரோட்டில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எத்தனை அக்காக்களுக்கு சிபிஎஃப்பில் காசு ஏறுகிறது என்று நினைக்கிறீர்கள்? வரி மிச்சமாகும் என்றால்தான் மனைவி செய்வது வேலையாகத் தெரிகிறது. எனக்குக் கோபம் வந்தது அதில்தான்.

அதனால் 5,000 வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதே வேலைக்கு வெளியாள் வைத்தால் என்ன கொடுப்போமோ அதைக் கொடுங்கள் என்றேன். விளம்பரங்களை அலசி 3,000 என்று பேசி முடித்தோம். சிபிஎஃப்புக்கு என் பங்கு 600, கம்பெனி பங்கு 510. மாதம் 1,110 வெள்ளி என் பேரில் ஏறும். வரியில் மிச்சம் கொஞ்சம் குறையும், குறையட்டும். எனக்காக அவருக்குக் கிடைத்துவந்த 2,000 வெள்ளி மனைவிக் கழிவும் போய்விடும். அதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

முதல் சம்பளச் சீட்டு அடிக்க வேண்டும் என்றார் நேற்று. அதையும் நான்தான் அடித்தேன்.