செம்புலப் பெயல்நீரை யார் படிக்கிறாங்க?

குறுந்தொகை 40-வது பாட்டுன்னு சொன்னா முழிப்போம், 'யாயும் ஞாயும் யாராகியரோ'ன்னு ஆரம்பிச்சா 'அட இதுவா'ன்னுவோம். கல்யாணப் பத்திரிகைலேர்ந்து வாட்ஸப் ஸ்டேட்டஸ் வரைக்கும் ஓடுற பாட்டு. மொத்தமே அஞ்சு வரிதான்.

காலேஜ் படிக்கும்போது எனக்கு இது வெறும் லவ் பாட்டு. செம்மண்ணுல விழுந்த மழை மாதிரி ரெண்டு மனசும் கலந்துருச்சு, ஆஹா. அதை ஒரு பேப்பர்ல எழுதி ஒருத்தங்ககிட்ட நீட்டவும் செஞ்சேன், அது வேற கதை, விடுங்க.

சில வருஷம் கழிச்சு ஒரு ஃப்ரெண்டோட பேசிட்டிருந்தப்ப இதே பாட்டு வந்துச்சு. அவன் காதலுக்கு வீட்ல சாதியைச் சொல்லி பெரிய பிரச்சனை ஓடிட்டிருந்த நேரம். அவன் செம்புலம் வரைக்கும் போகவே இல்ல, ரெண்டாவது வரியிலயே நின்னுட்டான். 'எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்', அதாவது எங்கப்பாவும் உங்கப்பாவும் என்ன முறைல சொந்தம். "இதத்தான்டா எங்க வீட்ல ரெண்டு வருஷமா கேட்டுட்டு இருக்காங்க"ன்னான். நான் நூறு தடவ படிச்சிருப்பேன், அந்த வரி எனக்கு வெறும் பில்டப்பாதான் இருந்துச்சு. அவனுக்கு பாட்டே அதுதான்.

அப்புறம் ஒருநாள் உரையோட படிக்கலாம்னு உக்காந்தா, பாட்டுக்குக் கீழ ஒரு கூற்றுக் குறிப்பு இருக்கு. முதல்முறை கூடுனதுக்கு அப்புறம், இவன் நம்மள விட்டுட்டுப் போயிருவானோன்னு தலைவி பயப்படுறா, அவ முகம் மாறுனதப் பாத்து தலைவன் சொல்றதாம் இது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இத்தன நாளா கொண்டாட்டம்னு நெனச்சது பயந்துபோன ஒரு பொண்ணுக்குச் சொல்ற சமாதானமா? அதுக்கப்புறம் பத்திரிகைல இதப் பாக்கும்போதெல்லாம் 'கான்டெக்ஸ்ட் தெரியாமப் போட்டுருக்காங்க'ன்னு மனசுக்குள்ள ஒரு நக்கல். கொஞ்ச நாள் அப்படித்தான் திரிஞ்சேன்.

அந்த நக்கலும் ரொம்ப நாள் நிக்கல. ஏன்னா அந்தக் குறிப்பு புலவர் எழுதுனது இல்லையாம், பின்னாடி தொகுத்தவங்களோ யாரோ சேத்ததுன்னுதான் பொதுவா சொல்றாங்க. இத எழுதுனவரோட பேர்கூட நமக்குத் தெரியாது, உவமைய வச்சு செம்புலப் பெயல்நீரார்னு பேர் வச்சிருக்காங்க. அஞ்சு வரிய மட்டும் எடுத்து வச்சுக்கிட்டுத் தேடுங்க, பயம்ங்கற வார்த்தையே கிடையாது. அகப்பாட்டுன்னா அதுக்கு ஒரு துறை இருக்கணும், ஒரு சந்தர்ப்பம் இருக்கணும்ங்கற இலக்கண உலகத்துல வாழ்ந்த ஒருத்தர், தனக்குத் தெரிஞ்ச அந்த உலகத்த வச்சு இதைப் படிச்சிருக்கார். என் ஃப்ரெண்டு செஞ்சதும் அதேதானே? நான் 'ஒரிஜினல் கான்டெக்ஸ்ட்'னு கையில புடிச்சுட்டுத் திரிஞ்சதே இன்னொரு வாசகரோட வாசிப்பு.

குறளுக்கும் இதே கததான். அறம்னா மனு முதலிய நூல்கள் சொன்னதச் செய்யுறது, வேண்டாம்னதை விடுறதுன்னு ஆரம்பத்துலயே வரையறை போட்டுட்டுத்தான் பழைய உரைகாரர் பரிமேலழகர் உள்ள போறார். 'தெய்வம் தொழாஅள் கொழுநன் தொழுதெழுவாள்'னு, சாமியத் தொழாம புருஷனத் தொழுது எழுறவளப் பத்தி ஒரு குறள் இருக்கு. அதோட முடிவுல வர்ற 'பெய்யெனப் பெய்யும் மழை'க்கு அவர் எழுதுனது அவ பெய்னு சொன்னா மழை பெய்யும்னு. போன நூற்றாண்டுல சில உரைகாரங்க அதையே வேணும்ங்கும்போது பெய்யுற மழை மாதிரிப்பட்டவன்னு திருப்புனாங்க. ஏழு சீர்ல ஒரு எழுத்துகூட மாறல. பொண்டாட்டி புருஷனத் தொழணும்ங்கறது சங்கடமாப் படுற காலம் வந்துருச்சு, அவ்வளவுதான். (அந்தத் திருப்பல்லயும் 'கொழுநன் தொழுதெழுவாள்' அப்படியேதான் உக்காந்திருக்கு, அத வசதியா விட்டுடுறோம்.)

அதுக்காக யார் என்ன சொன்னாலும் சரிங்கற ஆள் நான் இல்ல. 'யாய்'னா என் அம்மா, 'ஞாய்'னா உன் அம்மா, அதை யாரும் அவங்க கொள்கைக்கு வளைக்க முடியாது. சொல்லுக்கு ஒரு எலும்பு இருக்கு.

போன வாரம் இதையெல்லாம் என் பொண்ணுகிட்ட பெருமையா வெளக்கிட்டிருந்தேன், பிளஸ் டூ படிக்கிறா. பாட்டு, கூற்று, சாதி, உரை எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு புக்க வாங்கி ஒருதடவ படிச்சா. "அப்பா, அஞ்சு வரியும் அவனேதானே பேசிட்டிருக்கான். அவ என்ன சொன்னா?"ன்னு கேட்டா.

நானும் புக்கத் திருப்பி வாங்கி மறுபடி பாத்தேன்.