பிடித்ததைக் கையால் எழுதிப் பாருங்கள்

மதுரையில் புத்தகம் படிக்கிறவர்களுக்கு இப்போது நல்ல காலம். 2023 ஜூலை 15 அன்று கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்ததிலிருந்து, நத்தம் சாலையில் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்க ஓர் இடம் இருக்கிறது. தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா என்றால் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். எனக்கு ஆதங்கமெல்லாம் எழுதுவதைப் பற்றித்தான்.

‘படிப்பேங்க, எழுத்தெல்லாம் வராது’ என்று நிறைய பேர் சொல்கிறார்கள். கதையோ கவிதையோ எழுத வேண்டாம். மனதுக்குப் பிடித்த ஒரு பத்தியை அப்படியே ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். கண் ஓடுகிற வேகத்துக்குக் கை ஓடாது. அந்த நிதானத்தில்தான் எழுத்தாளர் எந்த இடத்தில் சட்டென்று நிறுத்தினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்பதெல்லாம் பிடிபடும். அப்புறம் கீழே உங்களுக்குத் தோன்றியதையும் இரண்டு வரி எழுதி, தேதி போடுங்கள். கல்லூரி நாட்களில் ஒரு நாவலில் வரும் கண்டிப்பான அப்பாவைத் திட்டி அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். நானும் அப்பாவான பிறகு அதே நாவலை எடுத்தபோது, அந்த மனிதரின் பயம்தான் வரிக்கு வரி கண்ணில் பட்டது. பழைய குறிப்புக்குக் கீழேயே புதிதாக ஒரு பக்கம் எழுதினேன். அந்த நோட்டு இல்லையென்றால் இந்த இன்பம் எனக்குக் கிடைத்திருக்காது.

கீழடி அருங்காட்சியகம் போனால் பானை ஓடுகளின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். 2018 அகழாய்வில் மட்டும் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துள்ள ஓடுகள் 56 கிடைத்தன. ஆதன், குவிரன் என்று ஆட்களின் பெயர்கள். பெரும்பாலும் பானையின் தோள் பகுதியில் கீறியிருக்கிறார்கள். கையெழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. குயவரே எழுதியிருந்தால் எல்லாம் ஒரே கையாக இருந்திருக்கும், பானைக்குச் சொந்தக்காரர்களே எழுதியிருக்க வேண்டும் என்கிறது தொல்லியல் துறை அறிக்கை. சோறு பொங்கும், தண்ணீர் பிடிக்கும் வீட்டு மனிதர்கள்! அவர்கள் வழியில் வந்த நாம் எழுத்து வராது என்று சொல்லலாமா?

நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுக்கிறார்கள். அது பிழைப்புக்கான எழுத்து, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆசைக்காக எழுதுகிற கைகளும் அங்கே பெருக வேண்டும். பிள்ளைகளிடம் எத்தனை புத்தகம் முடித்தாய் என்று கேட்காதீர்கள். எந்த இடம் பிடித்தது, எழுதிக் காட்டு என்று கேளுங்கள். அடுத்த முறை தமுக்கத்தில் அவர்களுக்குப் புத்தகம் வாங்கும்போது, கூடவே ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள்.