கவிஞர் மூலை ஒன்றும் தரப்பட்டியல் அல்ல

லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற தேவாலயத்தில், எழுத்தாளர்களின் கல்லறைகளும் நினைவுக் கற்களும் இருக்கும் 'கவிஞர் மூலை'யை ஆங்கில இலக்கியத்தின் மதிப்பெண் பட்டியல் போலப் பேசுகிறார்கள். அங்கே கல் இருந்தால் மகாகவி, இல்லாவிட்டால் ஒரு படி கீழே. அந்த மூலை உருவான விதம் தெரிந்தால் இப்படிச் சொல்ல வாய் வராது.

முதலில் அங்கே அடக்கமான கவிஞர் சாசர், 1400-இல். கவிதைக்காக அல்ல. அரசரின் கட்டட வேலைகளைக் கவனித்த அதிகாரி அவர். கடைசிக் காலத்தில் அபே வளாகத்திலேயே குடியிருந்தார். இப்போதுள்ள கல்லறையை 1556-இல்தான் எழுப்பினார்கள். 1599-இல் கவிஞர் ஸ்பென்சரை அவர் அருகே புதைத்த பிறகே அது கவிஞர்களுக்கான இடம் என்ற எண்ணம் வேர்பிடித்தது.

அடக்கம் வேறு, நினைவுச்சின்னம் வேறு. ஷேக்ஸ்பியர் உடல் இருப்பது ஸ்ட்ராட்ஃபோர்டில். அபேயில் நிற்கும் சிலை வந்தது 1741-இல், அவர் இறந்து 125 ஆண்டுகள் கழித்து. அந்தச் சிலையின் ஏட்டுச்சுருளில் உள்ள, அவருடைய 'டெம்பஸ்ட்' நாடக வரிகள்கூட மூலத்தில் உள்ளபடி இல்லை! நாடகாசிரியர் பென் ஜான்சன் 1637-இல் நின்ற நிலையில் புதைக்கப்பட்டவர்; அதுவும் கவிஞர் மூலையில் இல்லை, அபேயின் நடுக்கூடத்துப் பக்கம். அவர் பெயரில் இல்லாத ஒரு 'எச்' எழுத்தைக் கல்லில் சேர்த்துவிட்டார்கள், இன்றும் இருக்கிறது.

யாருக்குக் கல் என்பதில் கடைசிச் சொல் அபேயின் டீனுடையது, அதாவது அதன் தலைமைக் குருவுடையது. வாசகர் வாக்கெடுப்பும் இல்லை, அரசாணையும் இல்லை. டீனின் மனப்போக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பைரன் போதும். 1824-இல் கிரீஸிலிருந்து உடல் வந்தபோது அபே மறுத்தது, காரணம் அவருடைய ஒழுக்கக்கேடு. நாட்டிங்ஹாம் பக்கம் ஹக்னலில் குடும்பக் கல்லறைக்குப் போனார். தோர்வால்சன் செதுக்கிய அவர் சிலையையும் அபே வாங்க மறுக்க, அது கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் போய் நின்றது. நூற்றாண்டை ஒட்டி 1924-இல் பெரிய எழுத்தாளர்கள் சேர்ந்து கேட்டார்கள். அப்போதைய டீன் அசையவில்லை. தரைக்கல் கிடைத்தது 1969-இல். இந்த 145 ஆண்டுகளில் பைரன் கவிதை ஒரு வரியாவது மாறியதா?

கீட்ஸுக்கும் ஷெல்லிக்கும் 1954 வரை எதுவும் இல்லை. எழுதிப் பிழைத்த முதல் ஆங்கிலப் பெண்களில் ஒருவரான அஃப்ரா பென் 1689-இல் அபேயில்தான் புதைக்கப்பட்டார், ஆனால் வெளிமுற்றத்து நடைபாதையில். இது எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம்.

தரையிலும் சுவரிலும் இடம் குறைந்ததும் 1994-இல் ஒரு ஜன்னலையே நினைவுக்கு ஒதுக்கினார்கள். ஆஸ்கர் வைல்டு பெயர் 1995-இல் அந்தக் கண்ணாடியில்தான் ஏறியது. 2002-இல் ஷேக்ஸ்பியர் கால நாடகாசிரியர் மார்லோ ஏறினார். இறந்த ஆண்டான 1593-க்கு முன்னால் ஒரு கேள்விக்குறியோடு. அவர் அந்த ஆண்டு கொல்லப்பட்டதற்குப் பிரேத விசாரணை ஆவணமே இருக்கிறது. ஆனாலும் 'சாகவில்லை, ஒளிந்திருந்து எழுதினார்' என்று வாதிடுபவர்களுக்கு அபேயில் இப்படி இடம் கிடைத்துவிட்டது.

நாவலாசிரியைகளான பிராண்டி (Brontë) சகோதரிகள் கதை இன்னும் வேடிக்கை. அவர்கள் பெயரின் கடைசி எழுத்தின் மேல் வரவேண்டிய இரண்டு புள்ளிகள் 1939-இல் வைத்த பலகையில் விடுபட்டுப் போயின. 2024 செப்டம்பரில்தான் கல்தச்சர் ஒருவர் உளியோடு வந்து அவற்றைக் கொத்தினார்.