வாக்யூம் பம்பும் ஒரு சான்றிதழும்

அமெரிக்காவில் நான் ஓட்டும் பழைய சிறு விமானத்தில், விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் செயற்கை அடிவானக் கருவிக்குள் இருக்கும் கைரோ எனும் சக்கரம் இன்றும் வாக்யூம் பம்பின் காற்று உறிஞ்சலில்தான் சுழல்கிறது. அந்தப் பம்பின் கார்பன் தகடுகள் முன்னறிவிப்பே இல்லாமல் உடையக்கூடியவை; உடைந்ததும் கைரோ சட்டென நின்றுவிடாமல், வேகம் குறையக் குறைய மெல்லச் சாய்ந்து தவறான அடிவானத்தைக் காட்டுவதால், மேகத்துக்குள் இருக்கும் விமானி அதை நம்பி விமானத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடும் ஆபத்து உண்டு.

பக்கத்து ஹேங்கரில் இருப்பவர், தாமே கட்டிய விமானத்தில் இந்தப் பம்பே தேவைப்படாத மின்னணுத் திரையைப் பொருத்திக்கொண்டு, நான் பறக்கும் அதே மேகத்தில் பறக்கிறார். என்னுடையது வகைச் சான்றிதழ் பெற்ற, அதாவது வடிவமைப்புக்கே அரசு ஒப்புதல் உள்ள விமானம் என்பதால், அதே திரைக்கு, அந்த வடிவமைப்பை மாற்ற அனுமதிக்கும் எஸ்.டி.சி. எனும் கூடுதல் சான்றிதழோ, மாற்றத்தைப் பதிவுசெய்யும் 337 படிவத்தின் வழியே அந்த ஒரு விமானத்துக்கு மட்டுமான கள ஒப்புதலோ வேண்டும் என்கிறார்கள் விமானத் துறை அதிகாரிகள். 2016-இல் டைனான் டி10ஏ எனும் மின்னணுத் திரைக்கு இப்படி ஒரு எஸ்.டி.சி. கிடைத்தபோது எவ்வளவு மகிழ்ந்தேன்! ஆனால் அதைப் பொருத்தலாம் என்ற பட்டியலில் செஸ்னா 172 போன்ற சில விமான மாதிரிகளே இருந்தன. என் விமானம் இல்லை. பாதுகாப்புக்காக எழுதிய விதி, பாதுகாப்பான கருவியை என் கருவிப் பலகைக்கு வெளியே நிறுத்திவைப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.