காத்திருக்கும் இடத்தில் கலையா? முதலில் உட்கார விடுங்கள்

பேருந்து நிறுத்தம், ரயில் நடைமேடை மாதிரி இடங்களில் சிற்பத்தையே இருக்கையாகச் செய்து வைக்கும் யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அருங்காட்சியகப் பக்கமே போகாதவர்கூட தினமும் அதன்மேல் சாய்ந்து உட்காரலாம், தொடாதே என்று அதட்ட ஆள் இல்லை. ஆனால் உட்கார முடியாவிட்டால் அது எவ்வளவு அழகாக இருந்தும் என்ன பிரயோஜனம்?

அமெரிக்காவின் பால்டிமோரில் 2014இல் ஒரு ஸ்பானியக் கலைக்குழு செய்த நிறுத்தம் இருக்கிறது. பஸ் என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகள், ஒவ்வொன்றும் 14 அடி உயரம், மரமும் எஃகும். எழுத்துக்குள்ளேயே உட்காரலாம், 'எஸ்' வளைவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொள்ளலாம். இப்படித்தான் செய்ய வேண்டும். அதே ஆண்டு ஆஸ்திரியாவின் க்ரும்பாக் கிராமத்தில் பல நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் ஏழு நிறுத்தங்கள் கட்டினார்கள். அதில் சோ ஃபுஜிமோட்டோவுடையது மெல்லிய கம்பிக் காட்டுக்குள் ஏறிப்போகும் படிக்கட்டு, பார்க்க அபாரம், ஆனால் கூரை இல்லை. மழையில் நிற்பவருக்கு அபாரம் போதுமா?

இன்னும் மோசமானது, விரட்டுவதற்கென்றே செய்துவிட்டு வடிவமைப்பு என்று பெயர் சூட்டுவது. லண்டனின் கேம்டன் பகுதிக்காக 2012இல் வந்த கான்கிரீட் பெஞ்சைப் பாருங்கள். தூரத்திலிருந்து நவீன சிற்பம் மாதிரிதான் தெரியும். யாரும் படுத்துவிடக் கூடாது, ஸ்கேட்போர்டு ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக மேல்பக்கம் முழுக்கச் சரிவு. வீடில்லாதவரைத் துரத்தப் போய், கால் வலிக்கிற எல்லோரையும் சேர்த்துத் தண்டிக்கிறோம்.

முழங்கால் தேய்ந்த ஒரு பாட்டி எழுந்திருப்பதைக் கவனியுங்கள். முதலில் விளிம்புக்கு நகர்வார், இரண்டு கையாலும் எதையாவது அழுத்திப் பிடிப்பார், அப்புறம்தான் உடம்பு மேலே வரும். இருக்கை தாழ்வாக, கைப்பிடி இல்லாமல், விளிம்பு வழவழவென்று இருந்தால் அவர் வண்டி வரும்வரை நின்றே தீர்த்துவிடுவார். அதே கைப்பிடியைக் குறுக்கே நடுவில் போட்டால் மடியில் குழந்தை தூங்கும் அம்மாவுக்கு இடைஞ்சல். சக்கர நாற்காலிக்காரர் கூட வந்தவரோடு ஒட்டி இருக்கப் பக்கத்தில் வெற்றிடமும் வேண்டும். வெயிலில் சுடும் உலோகம், மழைநீர் தேங்கும் குழி, இதெல்லாம் வரைபடத்தில் தெரியவே தெரியாது.

அதனால் ஒப்புதல் தருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அசல் அளவில் ஒரு மாதிரி இருக்கை செய்து வையுங்கள், வயதானவர்களையும் கர்ப்பிணிகளையும் அழைத்து அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள், அவர்கள் சரி என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள். அந்த மாதிரி இருக்கைக்கு ஆகும் செலவையும் கலைஞரின் தலையில் கட்டாதீர்கள்.